நடந்ததைப் பேசினால் அண்ணனுக்குச் சரியாகுமா?

பாம்பன் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். 14 மாதத்துக்கு முன் உங்கள் அண்ணன் போன விசைப்படகு காற்றில் கவிழ்ந்தது, நான்கு பேரில் மூன்று பேர்தான் கரை வந்தார்கள். அன்றிலிருந்து அவர் தொழிலுக்குப் போகவில்லை, ராத்திரியில் அலறி எழுகிறார், படகுத்துறைப் பக்கம் கால் வைப்பதில்லை. மதுரையில் பார்த்த டாக்டர் பி.டி.எஸ்.டி. (பயங்கரமான ஒன்றைச் சந்தித்த பிறகு வரும் மனநோய்) என்று எழுதிக்கொடுத்து உளவியல் சிகிச்சைக்குப் போகச் சொன்னார். அம்மாவோ "அதைக் கிளறாதீங்க, மறந்தாத்தான் பிழைப்பான்" என்கிறார். பேச்சால் இந்த நோய் குணமாகும் என்பதற்கு நிரூபணம் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். எனக்கு அந்தக் கேள்விக்குள் இன்னொன்றும் கேட்கிறது: அந்த ராத்திரியை மறுபடியும் அவர் வாயாலேயே சொல்ல வைப்பது கொடுமை இல்லையா? இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் மருத்துவ உளவியலாளர். மண்டபத்துக்கும் தொண்டிக்கும் இடையில் 19 வருடமாக இந்த வேலையைத்தான் பார்க்கிறேன். மாத்திரை எழுதும் டாக்டர் இல்லை. உங்கள் அண்ணனை நான் பார்த்ததும் இல்லை. அதனால் அவருக்கு இதுதான் நோய் என்று இங்கிருந்து முடிவு சொல்லப் போவதில்லை. டாக்டர் சொன்னது சரி என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

முதலில் உறுதியாகத் தெரிந்தது. பயங்கரமான ஒன்றைச் சந்தித்த எல்லோருக்கும் இந்த நோய் வருவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அப்படிச் சந்தித்தவர்களில் 5.6 சதவீதம் பேருக்குத்தான் வருகிறது. படகில் இருந்த மற்ற இரண்டு பேரும் இப்போது கடலுக்குப் போகிறார்கள் என்பதை வைத்து அண்ணனைக் கோழை என்று யாராவது சொன்னால், அது அறியாமைப் பேச்சு. வந்தவர்களிலும் 40 சதவீதம் பேர் வரை ஒரு வருடத்துக்குள் தேறிவிடுகிறார்கள். அதனால் முதல் சில மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்று அம்மா நினைத்தது தப்பே இல்லை. ஆனால் 14 மாதம் ஆகிவிட்டது. இனியும் காத்திருந்தால் தானாகப் போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

பெரியவர்களுக்கு வரும் இந்த நோய்க்கு உளவியல் சிகிச்சை பலன் தருகிறது. இதில் சந்தேகம் இல்லை. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2013இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் 70 ஆய்வுகளும் 4,761 பேரும் இருந்தார்கள். நடந்த சம்பவத்தை நேராக எடுத்துப் பேசும் சிகிச்சைகளும், கண்ணசைவோடு சேர்த்துச் செய்யும் இ.எம்.டி.ஆர். என்ற முறையும், சும்மா காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டால் தெளிவாகவே நன்மை தந்தன. சிகிச்சை முடிந்து சில மாதம் கழித்துப் பார்த்தபோது, சம்பவத்தைத் தொடாமல் மற்றதை மட்டும் பேசிய சிகிச்சைகளைவிட இவை முன்னால் நின்றன. அதே 2013இல் உலக சுகாதார நிறுவனமும் பெரியவர்களுக்கு இவற்றையே பரிந்துரைத்தது.

ஏன் பலன் தருகிறது? இந்த நோயில் ஞாபகம் பழசாவதில்லை. உங்கள் அண்ணனுக்கு அந்த ராத்திரி 14 மாதத்துக்கு முந்தையது இல்லை, டீசல் வாடை வந்தால் அது இப்போதே நடக்கிறது. வாடை வருகிறது, நெஞ்சு அடிக்கிறது, அங்கிருந்து விலகுகிறார், நெஞ்சு அடங்குகிறது. அப்போது மூளை என்ன கற்றுக்கொள்கிறது? "விலகியதால்தான் பிழைத்தேன்" என்று. அப்புறம் டீசல் போதாது, என்ஜின் சத்தம், வலை காயும் வெயில், ஐஸ்பெட்டி தட்டும் ஓசை, கடைசியில் மீன் குழம்புகூட. ஒவ்வொரு விலகலும் பயத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டுக்கொடுக்கிறது. மறந்தால் சரியாகும் என்று அம்மா சொல்வதில் பாசம் இருக்கிறது. ஆனால் அவர் மறக்கவில்லை, ஒளிந்துகொண்டிருக்கிறார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியிலிருந்து தப்பி வந்த ஒரு பாட்டியை நான் சந்தித்தபோது அவருக்கு எழுபது தாண்டியிருந்தது. மார்கழி பிறந்தால் ஜன்னலோரம் படுக்க மாட்டார். ஐம்பது வருடத்துக்கு மேல் வீட்டில் யாரும் அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை, அவர் மனசு நோகக் கூடாதே என்று. இந்த நோய்க்கு ஒரு பெயர் மருத்துவப் பட்டியலில் ஏறியதே 1980இல்தான்.

சரி, சிகிச்சை அறைக்குள் என்ன நடக்கும்? ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பது தாண்டியவர். படகு உடைந்த பிறகு அவரும் கூட வந்த ஒரு பையனும் ஐஸ்பெட்டியைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். விடியுமுன் பையன் போய்விட்டான். "நான்தான் கையை விட்டேன்" என்பது ஒன்றுதான் இவர் சொல்வது. முதல் மூன்று வாரம் என் வராந்தாவில் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தார். சம்பவத்தைப் பேச ஆரம்பித்ததும் நான் கேட்டுக்கொண்டது, கண்ணை மூடி, இப்போது நடப்பதுபோலச் சொல்லுங்கள் என்று. "தண்ணி கழுத்துக்கு இருக்கு. பெட்டி மூடி வழுக்குது. பையன் அம்மான்னு சொல்றான்." அந்த இடம் வந்ததும் நிறுத்திவிடுவார். அதற்கு மேல் அவர் தனியாக நினைத்துப் பார்த்ததும் இல்லை. எப்போதும் அங்கேயே அறுந்துவிடும். ஆறாவது அமர்வில் அதைத் தாண்டினார். தாண்டிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது: பையனின் மணிக்கட்டை இடது கையால் பிடித்திருந்தார், விரல்கள் மரத்துப்போய் மடங்கவும் இல்லை நிமிரவும் இல்லை, அலை அடித்தபோது கை காலியாக இருந்தது. விடுவது என்று அவர் எதையும் செய்யவில்லை.

நான் உடனே "உங்கள் மேல் தப்பில்லை" என்று சொல்லிவிடவில்லை. அதைச் சொல்லாதவர்கள் ஊரில் யாரும் இல்லை, அவர் அதை நம்பியதும் இல்லை. வீட்டுப்பாடமாக ஒன்று கொடுத்தேன்: கடலில் அதிக வருடம் இருந்த ஒருவரிடம், ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்தால் கை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டு வாருங்கள். ஒரு வயசான சம்மாட்டியிடம் (படகு முதலாளி) போய்க் கேட்டிருக்கிறார். "மரத்துப் போனப்புறம் அது உன் விரல் இல்லடா" என்றாராம் அவர். அடுத்த வாரம் வந்து அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு, அன்றுதான் முதல் முறையாக என் முன்னால் அழுதார். பிறகு ஒருநாள் அந்தப் பையனின் அம்மா வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். துக்கம் அப்படியேதான் இருந்தது. அலறி எழுவது வாரத்தில் ஐந்து ராத்திரியிலிருந்து மாதத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது. அவர் விசைப்படகுக்குத் திரும்பவில்லை, கரையில் வலை வேலை பார்க்கிறார். அதையும் குணம் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதில் இரண்டு முறைகள் கலந்திருக்கின்றன. ஞாபகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி, ஒதுக்கிய இடங்களுக்கும் படிப்படியாகப் போய்ப் பழகுவது ஒன்று. இது வழக்கமாக 8 முதல் 15 அமர்வு, ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரை மணி நேரம். "நான்தான் காரணம்", "இனி எதுவும் பத்திரம் இல்லை" போன்ற இறுகிப்போன எண்ணங்களை எடுத்து விசாரிப்பது இன்னொன்று. அது வழக்கமாக 12 அமர்வு. மூன்றாவது ஒன்றும் இந்தக் கரைக்கு ரொம்பப் பொருத்தம். ஒரு சம்பவம் இல்லாமல் வாழ்க்கை முழுக்க அடி வாங்கியவர்களுக்கு, அகதிகளுக்கு என்றே உருவான முறை. தரையில் ஒரு கயிற்றை விரித்து அதுதான் உங்கள் வாழ்க்கை என்று வைத்து, நல்லது நடந்த இடத்தில் பூவும் கெட்டது நடந்த இடத்தில் கல்லும் வைக்கச் சொல்வார்கள். அப்புறம் பிறந்த நாளிலிருந்து ஒவ்வொன்றாகக் கதையாகச் சொல்லி எழுதி முடிப்பார்கள். மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் இருந்த ஒரு அம்மா இப்படி வைத்தபோது கல்லே இருபதுக்கு மேல் வந்துவிட்டது. பூ ஒன்றே ஒன்று. அந்தப் பூ, மணல் திட்டில் இறக்கிவிடப்பட்ட ராத்திரியில் தன் சாரத்தை அவிழ்த்து அவர் பிள்ளைக்குப் போர்த்திய, பெயர் தெரியாத ஒரு மீனவர். உகாண்டாவில் ஒரு அகதி முகாமில், பட்டம் படிக்காமல் பயிற்சி மட்டும் பெற்ற அகதிகளே இந்த முறையைச் செய்து பலன் கண்ட ஆய்வு 2008இல் வந்தது. உளவியலாளர் கிடைக்காத நம் மாதிரி மாவட்டத்துக்கு அது பெரிய செய்தி. இங்கே அது இன்னும் பரவவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

இனி சந்தேகமான பக்கம். நான் சொன்ன காக்ரேன் தொகுப்பிலேயே, ஆய்வுகளின் தரம் மிகக் குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். நன்மை இருக்கிறது என்பது உறுதி, எவ்வளவு பெரிய நன்மை என்பதுதான் ஆட்டம் காண்கிறது. "காத்திருந்தவர்களைவிட மேல்" என்பதும் தாழ்வான கோடு. சும்மா இருந்தவரைவிட மேல் என்று ஒரு மருந்தைப் புகழ்ந்தால் எந்த அளவுக்கு நம்புவோமோ அந்த அளவுக்குத்தான். படைவீரர்களில் பலன் இன்னும் மட்டு. 2015இல் வந்த ஒரு மதிப்பாய்வின்படி, முதல் இரண்டு முறைகளில் சிகிச்சை பெற்ற வீரர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு நோய் இன்னும் இருந்தது. பாதிப்பேருக்கும் மேல் கணிசமாகத் தேறியிருந்தாலும் முழுதாக விடவில்லை. அப்புறம், ஆறு பேரில் ஒருவராவது சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுகிறார். என் அனுபவத்தில் அது நடப்பது மூன்றாவது நான்காவது அமர்வில், ஞாபகத்தைத் தொட ஆரம்பிக்கும்போது. அந்த இரண்டு வாரம் கனவு கூடலாம், கோபம் கூடலாம். பெரும்பாலானவர்களுக்கு அது அடங்கிவிடுகிறது. இதை முன்கூட்டியே வீட்டில் சொல்லி வைத்தால் விட்டுப்போவது குறைகிறது. சொல்லாமல் விட்டு நானே சிலரை இழந்திருக்கிறேன்.

பேசவே முடியாது என்பவருக்கு வழி அடைந்துவிடவில்லை. சம்பவத்தைத் தொடாமல் இன்றைய சிக்கல்களை மட்டும் எடுத்துப் பேசும் முறை ஒன்று இருக்கிறது. பலன் சற்றுக் குறைவு, ஆனால் பாதியில் விடுபவர்களும் குறைவு. நான் அதில் தொடங்கி, மூன்று மாதம் கழித்து அவரே "சொல்லிடுறேன்" என்று வந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இ.எம்.டி.ஆரில் அந்தக் கண்ணசைவுதான் வேலை செய்கிறதா, கண்ணை அசைக்கும்போது ஞாபகத்தைப் பார்ப்பது வேலை செய்கிறதா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. பலன் தருவதில் சண்டை இல்லை. அதனால் நல்ல பயிற்சி பெற்றவர் கிடைத்தால் தயங்காமல் போங்கள்.

நம் கரைக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். மேற்கத்திய ஆய்வுகளில் பெரும்பாலும் ஆபத்து முடிந்துவிட்டது, பயம் மட்டும் மிச்சம். இங்கே கடல் அப்படியேதான் இருக்கிறது, காற்று அப்படியேதான் இருக்கிறது, எல்லைப் பக்கம் போனால் பிடித்துக்கொண்டு போவதும் நிற்கவில்லை. கைதாகி சிறையில் இருந்து வந்தவரிடம் "இனி பயப்பட ஒன்றுமில்லை" என்று நான் எப்படிச் சொல்வேன்? அதைச் சொல்வதும் இல்லை. பயத்தை இரண்டாகப் பிரிக்கப் பார்ப்போம். வானிலை எச்சரிக்கை வந்த நாளில் வரும் பயம் ஒரு கடலோடிக்கு வேண்டியது, அதைத் தொட மாட்டோம். காற்றே இல்லாத மதியத்தில், வீட்டுக்குள், மிக்ஸி சத்தத்துக்குத் தூக்கிப்போடுவது பழைய ராத்திரியின் பயம். அதுதான் சிகிச்சைக்கு வேண்டிய இடம். எல்லாவற்றுக்கும் மேலாக, அண்ணன் மறுபடி கடலுக்குப் போக வேண்டும் என்பதைச் சிகிச்சையின் குறியாக வைக்காதீர்கள். சம்மாட்டியிடம் வாங்கிய முன்பணம் அப்படி நினைக்க வைக்கும், எனக்குத் தெரியும். தூங்குவதும், பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடுவதும் முதலில் வரட்டும்.

எவை வேண்டாம் என்பதிலும் நான் உறுதியாக இருக்கிறேன். விபத்து நடந்த சில நாளுக்குள் எல்லோரையும் உட்காரவைத்து ஒரே ஒரு முறை "மனசில் இருப்பதைக் கொட்டுங்கள்" என்று செய்யும் வழக்கம் ஒன்று இருந்தது. அது நோயைத் தடுக்கவில்லை. தீக்காயம் பட்டவர்களிடம் 1997இல் வெளியான ஓர் ஆய்வில், அப்படிப் பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கும், பேசவைக்கப்படாதவர்களில் 9 சதவீதம் பேருக்கும் 13 மாதம் கழித்து இந்த நோய் இருந்தது. முதல் குழுவில் காயம் கொஞ்சம் கடுமையாக இருந்தது என்பதால் முழுப் பழியையும் அந்தப் பேச்சின் மேல் போட முடியாது. ஆனாலும் நன்மை செய்யவில்லை என்பது தெளிவு. அம்மா "கிளறாதீங்க" என்றாரே, அது இந்த மாதிரிக் கிளறலைப் பற்றி என்றால் அவர் சொன்னது சரி. தேர்ந்த ஒருவரோடு, வாரா வாரம், ஆரம்பமும் முடிவும் வைத்துப் பேசுவது வேறு வேலை.

அடுத்து தூக்க மாத்திரை. டயாசிபாம், அல்பிரசோலம் வகை மாத்திரைகள் இந்த நோயைக் குணமாக்காது, பழக்கமாகிவிடும். ராத்திரி குடித்துவிட்டுத் தூங்குவதும் அதே கணக்கு. செர்ட்ரலின், பராக்சிடின், வென்லாஃபாக்சின் போன்ற மாத்திரைகள் வேறு. அவை இந்த நோய்க்கு ஓரளவு பலன் தருபவை. டாக்டர் அவற்றில் ஒன்றைக் கொடுத்திருந்தால் சிகிச்சையோடு சேர்த்தே எடுக்கலாம், தானாக நிறுத்தக் கூடாது.

தண்ணீர் ஓதிக் குடிப்பது, வேப்பிலை அடிப்பது, அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி, தர்காவில் ஒரு ராத்திரி, இவற்றை நான் தடுப்பதில்லை. "பயந்த கோளாறு" என்று நம் ஊரில் சொல்வதில் உண்மை இருக்கிறது, பயந்துதான் போயிருக்கிறார். துணைக்கு நாலு பேர் போவதே அவருக்கு நல்லது. அடைத்து வைப்பதும் கட்டிப் போடுவதும் மட்டும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் தீயில் இறந்தார்கள். இந்த மாவட்டத்தில் மனநல சிகிச்சை என்றாலே பெரியவர்கள் முகம் மாறுவதற்கு அந்த நாளும் ஒரு காரணம். அம்மாவின் பயத்தில் அதுவும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். நான் சொல்லும் சிகிச்சை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பேசிவிட்டு அன்றே வீட்டுக்கு வருவது.

எப்போது தொடங்கலாம்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அண்ணன் இப்போது தொழிலுக்குப் போகாவிட்டாலும், கூட வரக்கூடிய சித்தப்பாவோ நண்பனோ அப்போதுதான் கரையில் இருப்பார்கள். வாரம் ஒன்று என்று 12 அமர்வுக்கு 61 நாள் போதாது. வாரம் இரண்டு வைத்தால் தாராளம். நெருக்கி வைப்பதால் பலன் கெடாது. 2014இல் வந்த ஓர் ஆய்வில், மூன்று மாதத்தில் கொடுக்கும் சிகிச்சையை ஏழு நாளில் தீவிரமாகக் கொடுத்தபோதும் ஏறக்குறைய அதே பலன் கிடைத்தது. நானும் தடைக்காலத்தில் இப்படித்தான் வைக்கிறேன். பாதியில் விடுபவர்கள் குறைந்திருக்கிறார்கள். இது என் வராந்தாவில் கண்ட கணக்கு, ஆய்வு இல்லை.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் முதலில் காட்டுங்கள், அங்கிருந்து உளவியலாளரைக் கேளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. யாரிடம் போனாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: நடந்த சம்பவத்தை எடுத்துப் பேசும் சிகிச்சை கொடுப்பீர்களா, அதற்குப் பயிற்சி எடுத்திருக்கிறீர்களா, சுமார் எத்தனை அமர்வு ஆகும்? "மனசை லேசா வச்சுக்கோங்க, பாசிட்டிவா நினைங்க" என்பதோடு முடிக்கிறவர் நல்லவராக இருக்கலாம், இந்த நோய்க்கு அது போதாது. "நானும் அன்னைக்கே போயிருக்கலாம்" என்று அண்ணன் சொல்லியிருந்தால், தடைக்காலம் வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே அந்த எண்ணைக் கூப்பிடுங்கள், அவரைத் தனியாக விடாதீர்கள்.

அமர்வு முடிந்து வரும் நாளில் வீட்டில் யாரும் "என்ன பேசினீங்க" என்று கேட்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி வையுங்கள். அன்று அவர் களைத்துப்போய் இருப்பார். சாப்பாடு போட்டு வைத்துவிட்டு, அவர் பார்க்கிற தூரத்தில் யாராவது ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும்.